ஜூலை 20, செவ்வாய்க்கிழமை

காலையில் கண் விழித்துக் கைபேசியை எடுத்தால், பால்காரருக்கும் முன்னால் ‘வரலாற்றில் இன்று’ வந்து காத்திருக்கிறது. யார் பிறந்தார், யார் மறைந்தார், எந்தப் போர் மூண்டது, எந்தப் பாலம் திறந்தது என்று முப்பது வரி. கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. மாலைவரை நினைவில் நிற்பது ஒன்றுகூட இல்லை. அப்போதெல்லாம் எங்கள் பள்ளிக் கரும்பலகை கண்முன் வந்துவிடும்.

தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே இருந்தது அந்தப் பலகை. கோடை விடுமுறை முடிந்து திரும்பியதும் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்து, பழந்துணியில் தொட்டு நாங்களே பூசிக் காயவைப்போம். தினமும் ஒரு குறள், ஒரு செய்தி. செய்தி எழுதும் முறை நமக்கு வருகிறதென்றால் ஒரு வாரத்துக்கு முன்பே தேடல் தொடங்கிவிடும். முடிவெட்டும் கடை பெஞ்சில் கிடக்கும் பழைய வாரப் பத்திரிகை, நூலகத்தில் உட்கார்ந்த இடத்திலேயே படித்துவிட்டுத் தரவேண்டிய தடித்த இயர்புக், மளிகைக் கடையில் சர்க்கரை மடித்த தாள் என எதையும் விடமாட்டோம். சர்க்கரையை டப்பாவில் கொட்டிவிட்டு அந்தத் தாளை மடியில் வைத்து நீவிப் படித்ததில் ஒரே ஒரு தேதி கிடைத்து, அதைச் சொல்ல மூன்று தெரு ஓடியிருக்கிறேன்.

1976 ஜூலை 20, செவ்வாய்க்கிழமை, என் முறை. சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து எழுதினால் காய்ந்தபின் எழுத்து பளிச்சென்று தெரியும். அப்படி நனைத்து, ‘1969: மனிதன் நிலவில் கால் பதித்த நாள்’ என்று எழுதிவிட்டு நான்கடி பின்னால் நகர்ந்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். வரலாற்று ஆசிரியர் வந்து நின்றார்.

“அமெரிக்காவுக்கு அது ஜூலை 20. நமக்கு எப்போடா?”

விழித்தேன். “நமக்கு அப்போ விடிஞ்சுபோச்சு. 21, திங்கட்கிழமை, காலை எட்டரை மணி இருக்கும். நான் டீக்கடை ரேடியோகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன்” என்றவர், பலகையை விட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார். பகல் வானத்தில் நிலா எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஆனாலும் நானும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் சொன்னேன். தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழித்து, அதில் விபூதி மடித்துவைப்பவள் அவள். ராகு காலம், எமகண்டம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். “திங்கக்கிழமை எட்டரைன்னா ராகு காலமாச்சேடா!” என்று மோவாயில் கைவைத்தாள். “அந்தப் புள்ளைங்க நல்லபடியா வீடு திரும்புச்சுங்களா?” திரும்பிவிட்டார்கள் அப்பத்தா என்று நான் சொன்னபிறகுதான், ஏழு வருஷம் கழித்து, அவள் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

ஒரு தேதியை எப்படிப் படிக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இவர்கள் இருவரும்தான். பாரதியின் நினைவுநாளைச் செப்டம்பர் 11 என்கிறோம். மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டிலோ 12. திருவல்லிக்கேணி வீட்டில் 1921-இல் அவர் உயிர் பிரிந்தபோது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி ஆகியிருந்தது. இரண்டில் எது சரி என்று நான் வாதாடுவதில்லை. படுக்கையருகே கண் மூடாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த இரவு இன்னும் முடியாத 11-ஆகத்தானே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷமும் ஜூலை 20 காலையில் முப்பது வரி வந்தது. நிலவுக்குக் கொஞ்சம் கீழே இன்னொரு வரி: 1976, வைக்கிங் 1 விண்கலம் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. கட்டைவிரல் நின்றுவிட்டது. நான் நனைந்த சாக்பீஸோடு நின்ற அதே நாள்! கணக்குப் போட்டுப் பார்த்தேன்; நமக்கு அப்போது மாலை ஐந்து மணி தாண்டியிருக்கிறது. மறுநாள் எழுதப்போகிறவனுக்காகப் பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளோடு நான் வீடு வந்து சேர்ந்திருந்த நேரம். ஏழு வருஷத்துக்கு முந்தைய நிலவைப் பற்றி அப்பத்தாவிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே அங்கே அது இறங்கியிருக்கக்கூடும். இந்தக் கைபேசி இல்லாவிட்டால் கடைசிவரை எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அந்த நன்றி அதற்கு உண்டு.

அன்று முழுக்க அந்த ஒரு வரி என்னோடு இருந்தது. சாயங்காலம் மொட்டைமாடியில் நின்றபோது, அப்பத்தா இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது.

“அதுல யாருடா போயிருந்தா?”

யாரும் போகவில்லை அப்பத்தா. அது ஆளில்லாமல் போனது. அங்கேயேதான் இருக்கிறது.