மண்பாதை மீமாம்சை

தார் பூசிய நெடுஞ்சாலையில் செல்கிறவனுக்குச் சாலையைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய அவசியம் ஏற்படுவதில்லை. ஆகவே அவ்விஷயத்தில் அவன் ஆயுள் முழுவதும் அஞ்ஞானியாகவே இருந்து சௌக்கியமாகக் காலம் தள்ளிவிடுகிறான். ஆனால் ஆஸ்திரேலியக் கண்டத்தின் உட்பகுதியில், பெட்ரோல் கிடைக்கும் ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு மண்ணும் கல்லும் வானமும் தவிர வேறொன்றும் இல்லாத பிரதேசத்தில், நெடும்பயணம் புறப்படும் ஒருவன் எந்த மண்பாதையில் போவது என்று யோசிக்கத் தொடங்கும்போது, அந்த யோசனை பிரயாண ஏற்பாடு என்ற நிலையைக் கடந்து தத்துவ விசாரமாகவே ஆகிவிடுகிறது. ஒரு பிரச்சினையை ஆராய்வதற்கு விஷயம், சம்சயம், பூர்வபட்சம், சித்தாந்தம், பிரயோஜனம் என்று ஐந்து அங்கங்களை மீமாம்சகர்கள் வகுத்து வைத்தார்கள். வேள்விச் சடங்குகளின் நுணுக்கங்களுக்காக அவர்கள் செய்த அந்த ஏற்பாட்டை நான்கு சக்கர வாகனத்தின் பொருட்டு எடுத்தாள்வதில் குற்றம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

விஷயம்

அடிலெய்டிலிருந்து வடக்கு நோக்கிப் போய் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரை ஒட்டி மேலே சென்றால் லிண்ட்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரும், அதற்கு அப்பால் சுமார் 80 கிலோமீட்டரில் மரீ என்ற சிற்றூரும் வரும். லிண்ட்ஹர்ஸ்டில் பிரிந்து வடகிழக்கே இன்னமின்காவை நோக்கிச் செல்வது ஸ்ட்ரெஸ்லெக்கிப் பாதை. நீளம் சுமார் 470 கிலோமீட்டர். மரீயிலிருந்து வடக்கே குவீன்ஸ்லாந்து எல்லையைத் தாண்டிச் செல்வது பேர்ட்ஸ்வில் பாதை; 517 கிலோமீட்டர். அதே மரீயிலிருந்து வடமேற்கே மார்லா வரை செல்வது ஊட்னடாட்டாப் பாதை. சுமார் 620 கிலோமீட்டர்.

மூன்றுக்கும் வம்ச சரித்திரம் உண்டு. ஸ்ட்ரெஸ்லெக்கியின் ஆதிபுருஷன் ஒரு மாட்டுத் திருடன். ஹாரி ரெட்ஃபோர்ட் என்ற அந்த ஆசாமி 1870-இல் குவீன்ஸ்லாந்துப் பண்ணையொன்றிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மாடுகளைக் கிளப்பி, அதுவரை எவரும் மந்தை ஓட்டத் துணியாத வறண்ட ஓடைவழியே தெற்கே கொண்டுபோய் விற்றான். மந்தையில் எளிதில் அடையாளம் தெரியக்கூடிய வெள்ளைக் காளை ஒன்று இருந்தது. அந்தக் காளையே சாட்சிப் பொருளாகத் திரும்பி வந்தபோதிலும், 1873-இல் ரோமா நகரத்து ஜூரிகள் அவன் நிரபராதி என்று தீர்ப்பளித்தார்கள். கோபங்கொண்ட அரசாங்கம் அவ்வூர்க் கோர்ட்டின் கிரிமினல் அதிகாரத்தையே சில காலம் பறித்துவிட்டது. மார்க்கம் கண்டுபிடித்தவனைத் தண்டிக்க மனம் வராத ஜூரிகள், பிற்காலத்து மண்பாதைப் பிரியர்கள் அனைவருக்கும் முன்னோர் எனலாம். பேர்ட்ஸ்வில் பாதையோ, மரீ ரயில் நிலையத்துக்கு மாடுகளை நியாயமான முறையில் ஓட்டி வந்தவர்களின் தடம். ஊட்னடாட்டாப் பாதைக்குத் தாய் தண்ணீர். பூமிக்கடியிலிருந்து பொங்கும் ஊற்றுக்களைப் பற்றிக்கொண்டு பழங்குடி மக்கள் நடந்த அந்த வழியையே பின்னர் 1872-இல் முடிவுற்ற தந்திக் கம்பியும், அதன்பின் நீராவி ரயிலும் தழுவிக்கொண்டன. ரயில் 1980-இல் நின்றுபோயிற்று, தண்ணீர் நிற்கவில்லை.

சம்சயம்

இம்மூன்றில் சிறந்தது எது என்பதே சந்தேகம். ஒருவரைக் கேட்டால் ஒரு விடையும், இருவரைக் கேட்டால் மூன்று விடைகளும் கிடைப்பதால், இச்சந்தேகம் கேட்கக் கேட்க வளருகிற ஜாதியைச் சேர்ந்தது.

பூர்வபட்சம்

முதற்கண் காட்சிவாதிகள். இவர்கள் ஊட்னடாட்டாவின் அடியார்கள். கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் தாழ்ந்து, பெரும்பாலான ஆண்டுகளில் நீரே இன்றி உப்பு பூத்துக் கிடக்கும் ஏர் ஏரியின் ஓரம், இடிந்த ரயில் நிலையங்கள், பாலைவனத்தின் நடுவே குமிழியிடும் ஊற்றுக்கள் ஆகியவற்றை எடுத்துக்காட்டி, பார்ப்பதற்கு ஏதுமில்லாத பாதை பாதையே அன்று என்று வாதிடுவார்கள். இதற்கு மறுப்பு: முன்னே செல்லும் வாகனம் எழுப்பும் புழுதிக்குள், அல்லது மூன்று இணைப்பு வண்டிகளை இழுத்துக்கொண்டு 53 மீட்டருக்கு மேல் நீண்டு எதிரே வரும் ரோடு டிரெயின் கிளப்பும் புழுதிக்குள் அகப்பட்டவனுக்கு மூன்று பாதைகளிலும் கிடைக்கும் தரிசனம் ஒன்றுதான்.

இரண்டாமவர் கஷ்டவாதிகள். துன்பம் மிகுந்த பாதையே உத்தமம் என்பது இவர்கள் கொள்கை. 1936 முதல் பேர்ட்ஸ்வில் பாதையில் தபால் லாரி ஓட்டி, மணலில் புதைவதும் தகடுகளைப் போட்டுச் சக்கரத்தை மேலேற்றுவதும் பின்னும் புதைவதுமாக வாழ்ந்த டாம் குரூஸ் இவர்களுடைய ஆசாரியர். அவரை வைத்து 1954-இல் வெளிவந்த ‘தி பேக் ஆஃப் பியாண்ட்’ என்ற திரைப்படம் இவர்களுடைய புராணம். ஸ்ட்ரெஸ்லெக்கிப் பாதைக்கு அண்மைக்காலமாகப் பகுதி பகுதியாகத் தார் பூசப்பட்டு வருவதை இவர்கள் கலியின் கொடுமையாகக் கருதுகிறார்கள். இவர்களை மறுக்க வேண்டியதில்லை. மூன்றாவது டயர் வெடிக்கும்போது தாமே மனம் மாறிவிடுவார்கள்.

மூன்றாமவர் வேகவாதிகள். மண்பாதையின் குறுக்கே வரிவரியாக எழும் அலைமேடுகளை மணிக்கு 80 கிலோமீட்டரில் தாண்டினால் சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் முகட்டுக்கு முகடு மிதந்து போகும் என்றும், ஆதலால் எந்தப் பாதை என்ற கேள்வியே எழாது என்றும் இவர்கள் சொல்வார்கள். மிதப்பது மெய், ஆனால் தரையைத் தொடாத சக்கரம் பிரேக்குக்கும் அடங்காது, ஸ்டியரிங்குக்கும் அடங்காது என்பதும் மெய். சுழலும் மேஜையில் மணலைப் பரப்பி அதன்மேல் சக்கரத்தை உருளவிட்டுப் பார்த்த பௌதிக விஞ்ஞானிகள், குறிப்பிட்டதொரு வேகத்துக்குக் கீழே போனால் அலைமேடுகள் உண்டாவதே இல்லை என்று 2007-இல் வெளியிட்டார்கள். உண்மைச் சாலையில் அவ்வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் அளவே இருக்கும் என்பது மதிப்பீடு. ஆகவே அனைவரும் தர்மம் தவறாமல் அவ்வேகத்தில் சென்றால் பாதை என்றென்றும் பட்டுப்போல் இருக்கும். பேர்ட்ஸ்வில் போய்ச் சேர, இரவு பகலாக ஓட்டினாலும், இரண்டரை நாளுக்கு மேலாகும். விஞ்ஞானத்துக்கும் வேகத்துக்கும் உள்ள இப்பகை இன்னும் தீரவில்லை.

சித்தாந்தம்

இம்மூவரும் வழுவுகின்ற இடம் ஒன்றே. பாதை என்பது நிலையான ஒரு வஸ்து என்று மூவரும் எண்ணிக்கொண்டார்கள். தார்ச்சாலையைப் பொறுத்தமட்டில் அது ஒப்பத்தக்கதே. மண்பாதையோ, எல்லாப் பொருளும் கணந்தோறும் அழிந்து வேறொன்றாகிறது என்ற பௌத்தரின் க்ஷணிகவாதத்துக்கு ஆஸ்திரேலியா அளித்துள்ள மாபெரும் நிரூபணம். கிரேடர் இயந்திரம் வந்து சுரண்டிச் சமன் செய்துபோன மறுநாள் இருப்பது ஒரு பாதை. மூன்று மாதத்து லாரிகள் ஓடிய பின் இருப்பது வேறு பாதை. பெயர் மட்டுமே ஒன்று. கூர்ங்கற்கள் மேலெழுந்து நிற்கும் இடமும், புழுதிக்குழிகள் விழும் இடமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இப்புழுதிக்குழி தனியே கவனிக்கத்தக்கது: சலித்த அரிசி மாவுபோல் நைந்த மண் குழியை விளிம்புவரை நிரப்பி, மேலே சமதரையாகவே காட்சியளிக்கும், அச்சு முறியும்போதுதான் ஆழம் விளங்கும். மழையோ இதைவிடச் சீக்கிரமாக வேலையை முடிக்கிறது. சில மில்லிமீட்டர் பெய்தாலும் களிமண் பிசினாகிச் சக்கரத்தில் அப்பிக்கொண்டு, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே உள்ள சந்தையும் அடைத்து, வண்டியை நின்ற இடத்தில் நிறுத்திவிடும். கூப்பர் ஓடையின் லீலை இன்னும் விசித்திரமானது. எங்கோ குவீன்ஸ்லாந்தில் பெய்த மழை, வாரக்கணக்கில் மெல்ல நகர்ந்து வந்து, ஒரு துளி மேகமும் இல்லாத நீல வானத்தின் கீழ் பேர்ட்ஸ்வில் பாதையை மூழ்கடிக்கும். அப்போது பாலைவனத்தின் நடுவே வாகனங்களை அக்கரை சேர்க்க ஒரு தெப்பம் ஓடும்.

இதிலிருந்து பிரமாணங்களின் தராதரமும் தெளிவாகிறது. போய்வந்தவன் சொல் ஆப்தவாக்கியம் என்பது பொது விதி. ஆனால் அவன் போய்வந்த பாதை இப்போது இல்லை. மேலும், எந்தப் பாதையில் தான் அதிகம் அவதிப்பட்டானோ அதனையே பிறருக்குச் சிபாரிசு செய்வது மனித சுபாவம். தன் அவதி வீண்போகவில்லை என்று நிலைநாட்ட அவனுக்கு வேறு வழியில்லை. ஆகவே, “எந்தப் பாதை நல்லது?” என்ற கேள்வியே சாஸ்திர விரோதமானது. “கிரேடர் கடைசியாக எப்போது போயிற்று, மழை கடைசியாக எப்போது பெய்தது?” என்பவையே கேட்கத்தக்க கேள்விகள், நேற்று அவ்வழியே வந்த லாரி ஓட்டியே அவற்றுக்கு விடை சொல்லத்தக்க ஆசாரியர்.

பிரயோஜனம்

இவ்விசாரத்தின் பயன் சுருங்கச் சொல்லத்தக்கது. பாதை புறப்படும் இடத்தில், அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்கு மட்டும் திறந்திருக்கிறதா என்று அறிவிக்கும் பலகை ஒன்று நிற்கும். அதுவே சுருதி, அதற்கு வியாக்கியானம் செய்யலாகாது. டயரில் காற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உபரிச் சக்கரம் இரண்டாவது வேண்டும். தண்ணீரைத் தேவைக்கு மேல் பன்மடங்கு ஏற்றிக்கொண்டு, போகும் வழியையும் சேரும் நாளையும் ஒருவரிடம் சொல்லிவைக்க வேண்டும். வண்டி நின்றுபோனால் அதன் நிழலை விட்டு நகரவே கூடாது. 1963 டிசம்பரில், கோடையின் உச்சத்தில், பேர்ட்ஸ்வில் பாதையில் எரிபொருள் தீர்ந்து நின்ற காரை விட்டு நடந்த ஒரு குடும்பத்தார் ஐவரும் மாண்டார்கள். இந்த ஒரு விதியில் மட்டும் விகற்பத்துக்கு இடமில்லை.

இவையனைத்தும் கைகூடி, மூன்று பாதைகளும் திறந்திருக்குமாயின், எதில் போவது என்பதைப் பூவா தலையா போட்டுத் தீர்மானித்துக்கொள்ளலாம். சாஸ்திரத்தில் அதற்குத் தடை ஏதும் இல்லை.