தள்ளினால் கிளம்பாதுங்க

தள்ளினால் கிளம்பாது, இது அந்த வியாதி இல்லை என்று போன வெள்ளிக்கிழமை செய்யூர் கந்தசாமி கோவில் பக்கத்தில் தொண்டை வறளக் கத்தினேன். யார் கேட்டார்கள்? நான் சொல்லி முடிப்பதற்குள் கார் பத்தடி நகர்ந்திருந்தது. ரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டும் கோபம் இறங்கவில்லை.

நின்றுபோன காரைப் பார்த்துக்கொண்டு நம்மால் சும்மா நிற்க முடியாது. என்ன ஆச்சு என்று வாய் கேட்கும் முன்னாலேயே டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கை டிக்கிக்குப் போய்விடும். அதிலும் உண்மையாகத் தள்ளுபவர் ஒருவர்தான். பனியன் போட்டிருப்பார், பேச மாட்டார். அவருக்குப் பக்கத்தில், கையைச் சும்மா வைத்துவிட்டு முகத்தால் மட்டும் தள்ளுபவர். ஜன்னலோரம் கூடவே நடந்து, “செகண்ட் போடு சார், செகண்ட்” என்பவர். எதிரே வந்தவர், வந்த வேலையை விட்டுவிட்டு, “தேர்டு போட்டாத்தான் குலுங்காம எடுக்கும்” என்று மறுப்பவர். இந்த இருவருக்கும் வாக்குவாதம் முற்றி, கார் நின்று, டீக்கடைக்காரர் தீர்ப்புச் சொன்ன பிறகு மறுபடி நகர்ந்தது. பைக்கை விட்டு இறங்காமலே பம்பரில் காலை வைத்து உதைத்தான் ஒரு பையன். கடப்பாக்கத்துக்காரர் ஒருவர், படகு இழுத்துப் பழகியவர் போலிருக்கிறது, ஐலசா போட ஆரம்பித்தார். அதன் பிறகு அது தள்ளுவதாக இல்லை, திருவிழாவாகிவிட்டது. தரிசனம் முடித்து வந்த குடும்பம் ஒன்று, தேங்காய் மூடியும் கையுமாக வந்து தோள் கொடுத்தது. நடுவில் ஒரு பெரியவர், “ஆட்டோமேட்டிக் வண்டிங்களா?” என்றார். இல்லைங்க என்றேன். “நல்லவேளை. அதுன்னா தள்ளினாலும் கிளம்பாது.” ஐயா, இதுவும் கிளம்பாது என்றேன். அவர் யோசித்துவிட்டு, “அப்ப இன்னும் கொஞ்சம் வேகமாத் தள்ளணும்” என்றார்.

இன்னொருவர் என் நட்சத்திரத்தைக் கேட்டார். கோவிலில் 27 நட்சத்திரத்துக்கும் 27 வேதாளங்கள் கல்லில் நிற்கின்றன. நமக்குரியதைக் கும்பிட்டால் சரியாகுமாம். என் நட்சத்திரமா, காரின் நட்சத்திரமா என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். என்ஜின் சுற்றவே இல்லை என்றால்தான் தள்ளுவதில் அர்த்தம். என் கார் நன்றாகவே சுற்றியது. பற்றிக்கொள்ளும், இரண்டு நொடியில் செத்துவிடும். டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு கண்ணடிக்கும். இம்மொபிலைசர்! சாவியின் தலைக்குள் பேட்டரியே இல்லாத ஒரு சிப் இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள காயில் அதற்குச் சக்தி ஊட்டும். சிப் விழித்துத் தன் எண்ணை ஒப்பிக்கும். காரின் கம்ப்யூட்டருக்கு அது பிடித்திருந்தால் பெட்ரோல் வரும். பிடிக்காவிட்டால் மகாபலிபுரம் வரை தள்ளினாலும் வராது. பிரிட்டனில் 1998 முதல், ஆஸ்திரேலியாவில் 2001 முதல் புதுக் கார்களில் இது கட்டாயம். அங்கெல்லாம் தள்ள ஆள் கிடைக்காது, அவர்களுக்குக் கவலையில்லை.

ஆகவே, ரிமோட்டில் செல்லை மாற்று என்ற செல்போன் கடைத் தம்பியின் யோசனையும் வீண். அந்தச் செல் கதவைத் திறக்கத்தான். (பட்டன் ஸ்டார்ட் வண்டியில் செல் தீர்ந்தாலும், பல மாடல்களில் ரிமோட்டைப் பட்டனோடு ஒட்டிவைத்து அழுத்தினால் எடுத்துக்கொள்ளும்.) முதலில் கொத்திலிருந்து மற்ற சாவிகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும், வேறொரு சிப் சாவி பக்கத்தில் தொங்கினால் கம்ப்யூட்டர் குழம்பும். அடுத்தது ஸ்பேர் சாவி. அதில் எடுத்தால் சாவியில் கோளாறு; எடுக்காவிட்டால் காயில், வயர், பேட்டரி. பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் கம்ப்யூட்டருக்கே புத்தி தடுமாறும். உப்பளக் காற்றடிக்கும் ஊரில் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலி கடித்த வயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரைச் செருகினால் P0513 என்று காட்டலாம். சாவி தப்பு என்று அர்த்தம்.

என் காரில் இவற்றில் எது என்று பார்ப்பதற்கு முன் ஒன்று. இந்தச் செய்யூருக்கு 4000 மெகாவாட் அனல்மின் நிலையம் வரும் என்று வருஷக்கணக்காகச் சொன்னார்கள். அதுவும் ஸ்டார்ட் ஆகவில்லை. அதை மட்டும் தள்ளவில்லை, தள்ளிப்போட்டார்கள்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். இரண்டு சாவி, ஆர்.சி., ஆதார், கூடவே வண்டியையும் கொண்டுவரச் சொன்னது ஒரு பெண் குரல். வண்டி ஓடினால் நான் ஏம்மா போன் பண்ணப்போறேன் என்றேன். டோ பண்ணிக்கலாம் சார் என்றது. இரண்டாவது சாவி தாம்பரத்தில் மைத்துனர் வீட்டு பீரோவில் இருக்கிறது; பீரோ சாவி மைத்துனர் மனைவியிடம்; அவர் திருப்பதி போயிருக்கிறார்.

திருட்டைத் தடுக்கத்தானே இதெல்லாம்? கார் திருடுபவன் இப்போது கண்ணாடியை உடைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் கருவியைச் செருகி, வெற்றுச் சாவியில் புது எண்ணை ஏற்றி, சில நிமிஷத்தில் ஓட்டிக்கொண்டு போகிறான். என் சாவி என் காரைக் கிளப்பவில்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் டிக்கியில் கை வைத்திருக்க மாட்டார். நேரே ஸ்டியரிங் அடியில் குனிந்திருப்பார். கேட்ட காசைக் கொடுத்திருப்பேன். ஆதார் கார்டும் கேட்டிருக்க மாட்டார்.