டயர் வார்க்கும் மனிதர்

பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் காருக்கு வீட்டிலேயே டயர் வார்ப்பவரை ஊர் கஞ்சன் என்று நினைக்கிறது. "கடையில் கொள்ளை விலை" என்று அவரும் ஒத்து ஊதுவார். கணக்கு இடிக்கிறது. நாலு டயரின் விலையை மிச்சம்பிடிக்க, மாதிரி அச்சிடத் த்ரீ-டி பிரின்டர், வார்ப்பச்சு எடுக்க சிலிகோன், அதில் ஊற்ற யூரித்தேன், குமிழி நீக்க வேக்குவம் பம்பு என்று வாங்கிக் குவித்து, போதாததற்குச் சமையலறைத் தராசையும் நிரந்தரக் கடனாக எடுத்துக்கொள்பவரைக் கஞ்சன் என்பது கஞ்சர்களுக்கு இழுக்கு. அவர் உற்பத்தி செய்வது காரணங்களை. டயர் வெறும் உபரி.

கடை டயர் வழுக்கினால் ஒரே தீர்ப்புதான்: ஓட்டத் தெரியவில்லை. சொந்த டயர் வழுக்கினால் வாதத்துக்குப் பஞ்சமே இல்லை. டி.பி.யு. என்னும் நெகிழ் பிளாஸ்டிக் இழையில் நேரடியாக அச்சிட்டாரா? கடினத்தைக் குறிக்கும் ஷோர் ஏ அளவில் அந்த இழை பெரும்பாலும் 95. நிஜக் கார் டயரே 60, 70 அளவில்தான் இருக்கும். ஆக, குற்றவாளி இழை. யூரித்தேன் நுரைத்துவிட்டதா? அது ஈரத்தோடு வினைபுரியும். ஆக, குற்றவாளி மழைக்காலம். சிலிகோன் இறுகாமல் பிசுபிசுக்கிறதா? மாதிரியைப் பதித்த களிமண்ணில் கந்தகம் இருந்தால் பிளாட்டினம் வகை சிலிகோன் அப்படித்தான் அடம்பிடிக்கும். எல்லாம் சரியென்றால், டயருக்குள் காற்றுக்குப் பதில் திணித்த ஸ்பாஞ்சு இருக்கவே இருக்கிறது. இத்தனையும் அசல் ரசாயனம் என்பதால் யாரும் மறுத்துப் பேசவும் முடியாது.

"டன்லப் கதை தெரியுமா?" என்று அவர் கட்சிக்காரர்கள் மடக்குவார்கள். தெரியும். பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகத்தான் காற்றடைத்த டயரைச் செய்துபார்த்தார். 1888இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் டன்லப் அதை மகனிடம் கொடுத்தார். நம்மவர் மகன் காரைத் தொட்டால் வீடு இரண்டுபடும். "என்றைக்காவது நல்ல டயர் வந்துவிடாதா?" என்பது அடுத்த கேள்வி. வரும். பாறையைக் கவ்விப் பிடித்து ஏறும் டயரே வரும். காரணமெல்லாம் தீர்ந்துபோன அன்று மனிதர் முகம் தொங்கிவிடும். காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டயர் அருமை, ஆனால் இந்த ரிம் கடையில் வாங்கினது" என்பார். அதோடு முகம் மலர்ந்துவிடும்.