ஏறுவதா, இறங்குவதா?

கேள்வி: சுங்கை பட்டாணியிலிருந்து கோலாலம்பூருக்குப் போவது ஆங்கிலக் கணக்கில் ‘அப்’பா, ‘டவுன்’னா?
– வாசகர், பீடோங்

பதில்: யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வரைபடத்தில் வடக்கு உச்சியில் இருப்பதால் தெற்கே போவது ‘டவுன்’. பிரிட்டிஷ் ரயில்காரருக்கோ லண்டனை நோக்கி ஓடும் வண்டிதான் ‘அப்’. அந்த வழக்கப்படி தலைநகருக்குப் போகும் நீங்கள் ஏறுகிறீர்கள். ஒரே டிக்கெட்டில் ஏற்றமும் இறக்கமும்! மலாய்க்காரர் ஆற்றைப் பார்த்தார்: நீர் வரும் பக்கம் ஹுலு, போகும் பக்கம் ஹிலிர். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

நம் ரப்பர் தோட்டங்களில் இது இன்னும் வேடிக்கை. கீழ்ப்பட்டை தீர்ந்த முதிய மரத்தில் மேல்பட்டையைச் சீவுவதை ‘அப்வர்ட் டாப்பிங்’ என்பார்கள். ஒவ்வொரு வெட்டும் முந்தையதற்கு மேலே ஏறும்; பாலோ வழக்கம்போல் கீழே மங்குக்குத்தான் இறங்கும். அது வெட்டுக் கோட்டை விட்டு வழிந்து பட்டையில் வீணாகாதபடி, நீண்ட பிடி போட்ட உளியால் அண்ணாந்து சீவ வேண்டும். கழுத்து இற்றுப்போகும் வேலை. கெடாவில் அந்த உளியைப் பிடித்த அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள்: உளி ஏறிய வேகத்துக்குச் சம்பளம் ஏறவே இல்லை.