ராச்செஸ்டர் மேல் கோபம்

கேள்வி: ‘ஜேன் அயர்’ படித்தேன். மனைவியை மாடியில் பூட்டி வைத்துவிட்டு, வேலைக்கு வந்த பெண்ணைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறார் ராச்செஸ்டர். இதையா காதல் காவியம் என்கிறார்கள்? எனக்குக் கோபம்தான் வந்தது.
– ப்ளஸ் டூ மாணவி

பதில்: நன்றாகக் கோபப்படுங்கள். ராச்செஸ்டருக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால், 1847-இல் கரர் பெல் என்ற புனைபெயரில் இதை வெளியிட்ட சார்லட் பிராண்டி, புத்தகத்துக்கு ராச்செஸ்டர் பெயரை வைக்கவில்லையே! உண்மை தெரிந்ததும் ஜேன் என்ன செய்கிறாள்? அவர் தந்த முத்துமாலையை அங்கேயே விட்டுவிட்டு, இருபது ஷில்லிங்கோடு விடியுமுன் கிளம்புகிறாள். அதுவும் வண்டிக்கூலிக்கே போய்விடுகிறது. பசி தாங்காமல், பன்றித் தொட்டியில் கொட்டவிருந்த ஆறிய கஞ்சியைக் கேட்டு வாங்கி, கையால் அள்ளித் தின்கிறாள். மனம் முழுக்கக் காதல் இருக்கும்போதே போகிறாள் பாருங்கள், அந்த இடத்துக்காகவே எனக்கு இந்த நாவல் உயிர். பிறகு அப்பாவின் சகோதரர் விட்டுச்சென்ற 20,000 பவுண்டை நால்வருக்குச் சமமாகப் பிரித்து, தன் பங்கோடு, தன் இஷ்டப்படி திரும்புகிறாள். இனி அவள் யாரிடமும் சம்பளம் வாங்க வேண்டியதில்லை.

உங்கள் கோபத்தில் பெரிய நியாயம் அந்த மனைவி பெர்த்தாவைப் பற்றியது. பூட்டிய அறைக்குள் கிடந்த அவளுக்கு இதில் ஒரு பேச்சுகூட இல்லை. டொமினிக்காவில் பிறந்த எழுத்தாளர் ஜீன் ரீஸுக்கும் அது பொறுக்கவில்லை. அவள் கதையை 1966-இல் ‘வைட் சர்காசோ சீ’ என்று எழுதினார். அடுத்து அதைப் படியுங்கள். கோபம் இன்னும் ஏறும்!