போர்வைக்குள்ள இருந்து உலகத்தைக் காப்பாத்துற பேராண்டிக்கு

ஏம்ப்பா பேராண்டி, “எல்லாருக்கும் சுத்தமான, மலிவான எரிசக்தி”ன்னு பல்கலைக்கழகத்துல பேசப் போறியாமே! நல்லாப் பேசு ராசா. ஏசியைப் பதினெட்டுல வச்சு, கம்பளியை மூக்கு வரைக்கும் இழுத்து மூடிக்கிட்டு அந்தப் பேச்சை எழுது. அப்பத்தான் பூமி சூடாகுற வேதனை உனக்குச் சுள்ளுன்னு உறைக்கும். இருபத்தஞ்சுல வைங்கன்னு சிங்கப்பூர் அரசாங்கம் சொல்றதெல்லாம் ஊருக்குத்தானே, உனக்கா?

கரண்டு எங்கேருந்து வருதுன்னு கேட்டா அண்ணாந்து மொட்டைமாடியைக் காட்டுறே. வீவக அடுக்குமாடிக் கூரைகள்ல சோலார் பலகை இருக்கு, வாஸ்தவம். 2014-ல சோலார்நோவான்னு திட்டம் போட்டு வரிசையா மாட்டிக்கிட்டு வர்றாங்க. ஆனா அது முதல்ல லிப்டுக்கும் நடைபாதை விளக்குக்கும் தண்ணி மோட்டாருக்கும் போகுது, மிச்சம்தான் பொதுக் கம்பிக்கு. உன் ஏசி குடிக்கிறது எரிவாயுடா. சிங்கப்பூர்க் கரண்டுல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பங்கு அதுதான். மலேசியா, இந்தோனேசியாவுலேருந்து குழாய்ல வருது, மத்தது கப்பல்ல.

உங்க ஊரைக் குத்தம் சொல்லலை. பலகை விரிக்க இடம் எங்க இருக்கு? நம்ம தமிழ்நாட்டுக் கமுதியில 648 மெகாவாட் சூரியப் பண்ணைக்கு ரெண்டாயிரத்தைந்நூறு ஏக்கர் வளைச்சாங்க. அந்தக் கணக்குக்குக் கிளமெண்டியை மொத்தமா காலி பண்ணினாலும் இடம் பத்தாது. அதான் 2021-ல தெங்கே நீர்த்தேக்கத்துத் தண்ணி மேலயே 1,22,000 பலகையை மிதக்கவிட்டாங்க. அம்புட்டுக்கும் சேத்து 60 மெகாவாட்.

பத்தாக்குறைக்கு லாவோஸ் ஆத்துத் தண்ணியில எடுத்த கரண்டைத் தாய்லாந்து, மலேசியா வழியா 2022-லேருந்து வாங்கிப் பாத்தாங்க. ஆஸ்திரேலியா வெயிலைக் கடலுக்கடியில நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல கேபிள் போட்டு இழுக்கவும் ஒரு யோசனை ஓடுது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு நீயும் கரண்டியோட உக்காந்திரு. அது வந்து சேர்றதுக்குள்ள ஜன்னலைத் திறந்தா காத்தாவது வரும்.

சரி, மலிவு சங்கதிக்கு வா. நம்மூர்ல 2016-ல உஜ்வலான்னு சொல்லி, ஏழைப் பொம்பளைகளுக்கு கேஸ் கனெக்சன் குடுத்தாங்க. புண்ணியமான காரியம். ஆனா நம்ம தெருவுலயே ஒருத்தி அந்தச் சிலிண்டருக்கு பூப்போட்ட துணி போத்தி, மேல சாமி படத்தை வச்சிருக்கா. விருந்தாளி வந்தா கேஸு, மத்த நாளைக்குச் சுள்ளியும் ஊதாங்குழலும். முதல் சிலிண்டரை அரசாங்கம் குடுத்திரும். அடுத்ததுக்கு அவ முந்தானையிலதானே முடிச்சு அவிழணும்? உலகத்துல இன்னும் இருநூறு கோடிப் பேரு புகைக்குள்ளதான் சோறாக்குறாங்க. வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்தாப் போதாது, மாசாமாசம் வாங்கிக் கட்டுபடியாகணும். இதை உன் பேச்சுல மொத வரியா வையி.

அதுக்கும் என் ஏசிக்கும் என்ன தாத்தா சம்பந்தம்னு கேப்பே. 2022-ல எரிவாயு விலை எகிறினப்ப, ஐரோப்பாக்காரன் கூடுதல் காசு குடுத்துக் கப்பலைத் தள்ளிக்கிட்டுப் போனான். பாகிஸ்தானும் பங்களாதேசும் இருட்டுல உக்காந்துச்சு. காசுள்ளவன் வீணடிக்கிற ஒவ்வொரு யூனிட்டும் இல்லாதவனோட ஏலத்துல மல்லுக்கு நிக்குது. உனக்கென்ன, மூணு மாசத்துக்கொரு தடவை கரண்டு பில்லுல யு-சேவ் கழிவு வந்திருது. 2024-ல பருவநிலைப் பற்றுச்சீட்டுன்னு முந்நூறு வெள்ளி குடுத்தாங்க. கரண்டு கம்மியா இழுக்குற பிரிட்ஜு வாங்கினே, சபாஷ். பழசை ஏன் ராசா உன் ரூம்புல நாலு சோடா டின்னுக்காக ஓடவிட்டிருக்கே?

மேடையேறும்போது இந்த மாச எஸ்பி கரண்டு பில்லைக் கையில எடுத்துக்க. அக்கம்பக்கத்து வீட்டுச் சராசரின்னு ஒரு கோடு போட்டிருப்பான், பக்கத்துல உன் வீட்டுக் கோடு பனைமரமாட்டம் நிக்கும். அதைச் சபைக்குத் தூக்கிக் காட்டிட்டுப் பேச ஆரம்பி. கேள்வி நேரத்துல எவனும் உன்னை மடக்க மாட்டான், அவன் வீட்டுப் பில்லும் அவனுக்குத் தெரியுமில்ல!