முட்டம் பாறையில் மலைநாட்டார் நனைதல்: ஒரு மண்டலவியல் ஆய்வு

கேரளத்தின் 14 மாவட்டங்களில் ஒன்பதுக்குக் கடல் உண்டு. இல்லாத ஐந்தில் எங்கள் இடுக்கியும் ஒன்று. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) எங்கள் பக்கம். பூஜ்யம் மீட்டரைப் பார்க்கத்தான் வேன் பிடிக்க வேண்டும். 1956 அக்டோபர் முடியத் தேவிகுளமும் கல்குளமும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலத்தில் இருந்தவை. பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தில் நின்றுவிட்டன. கல்குளம், முட்டம் கடற்கரையையும் கூட்டிக்கொண்டு இன்றைய தமிழ்நாட்டுக்குப் போனது. ஆகவே முட்டத்தில் எங்கள் ஆட்கள் கால் நனைப்பதைச் சுற்றுலா என்று எழுதுவது பிழை. பாகப்பிரிவினையில் போன சொத்தைப் பார்வையிடுவது என்றே இக்கட்டுரை கொள்கிறது.

நமது கருதுகோள் இதுதான்: பாறைக் கரைக்குப் போகும் குடும்பம், அங்கே வாழும் உயிர்கள் இருக்கும் அதே வரிசையில்தான் தன்னையறியாமல் உட்காரும்.

ஆய்வு நாளைக் குறித்தவர் பெரியம்மா. கன்னியாகுமரியில் அமாவாசைக் குளியல் என்பது அவர் கணக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் மிக அதிகமாக ஏறி, மிக அதிகமாக வற்றும் என்பதால் அறிவியலும் தற்செயலாகத் திருப்தியடைந்தது. இந்தத் தென்கோடியில் ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர்வரை வரும். அதனால் உயிர்கள் வரிசையாக வாழும் மண்டலங்கள் இங்கே குறுகியவை. வற்றும்போது பாறையில் தேங்கும் குட்டைகளில் சில, இட்லிக் குண்டான் அளவுதான்.

மேல்மண்டலத்தில் சாரல் மட்டும் படும். சின்னஞ்சிறு நத்தைகள் கதவைச் சாத்திக்கொண்டு நாட்கணக்கில் ஈரமின்றி இருக்கும் இடம் அது. அங்கே பெரியம்மா, மடியில் கைப்பையோடு, பட்டுச்சேலை நனையாமல் அமர்ந்திருந்தார்.

நடுமண்டலம் கொட்டலசுகளுடையது. தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, கால்களை வெளியே நீட்டி, இரையை வாய்க்குள் தள்ளிச் சாப்பிடும் பிராணி. டார்வின் இதற்காக எட்டு ஆண்டுகள் (1846-1854) செலவிட்டார். எங்கள் சித்தப்பா அதன்மேல் செலவிட்டது ஒரு நொடி. வழுக்கியதில் முழங்காலில் பிளேடு கீறியது போல மூன்று கோடுகள். 1981-இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் வரும் பாறை எது என்று தேடிக்கொண்டே நடந்ததன் விளைவு.

கீழ்மண்டலத்தில் கடற்பாசியும், தொட்டாச்சிணுங்கி போலச் சுருங்கும் கடல் அனிமோனும், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரும்.

ஜோசப் கானல் ஸ்காட்லாந்துக் கரையில் செய்து 1961-இல் வெளியிட்ட சோதனையின்படி, ஒருவகைக் கொட்டலசின் மேல் எல்லையை வெயிலும் வறட்சியும் தீர்மானிக்கின்றன. கீழ் எல்லையை, இடத்துக்கு முண்டும் இன்னொரு வகை தீர்மானிக்கிறது. மனிதரில் மேல் எல்லையைச் சுண்டல்காரர் நிற்கும் இடமும் கீழ் எல்லையைச் சேலையின் விலையும் தீர்மானிக்கின்றன என்பது இவ்வாய்வின் பங்களிப்பு.

விதிவிலக்கு ஒன்றும் பதிவாக வேண்டும். வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் தம்பி மகனின் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் சுரண்டும் சத்தம். திறந்தால், அவன் பொறுக்கிய சங்குக்குள்ளிருந்து இரண்டு கண்களும் சிவந்த கொடுக்கு ஒன்றும். துறவி நண்டு. தனக்கென ஓடு கிடையாது. செத்த நத்தையின் கூட்டில் குடியிருக்கும், உடம்பு பெருத்தால் வேறு பார்க்கும்.

பெரியம்மா எட்டிப் பார்த்தார். முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். அடுத்த சித்திரையில் ரிட்டயர் ஆனதும் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும்.

“குடியிருக்கிறவன் வீட்டை அப்படியே தூக்கிட்டு வருவாகளாலே? வண்டியத் திருப்பச் சொல்லு.”

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் காக்க 1986-இல் தேசியப் பூங்கா ஏற்படுத்தினார்கள். முட்டத்துக் குட்டைக்கு அன்றைக்குப் பெரியம்மாதான் இருந்தார். செருப்பைக் கழற்றி, சேலையைத் தூக்கிச் செருகி, முழங்கால் தண்ணீரில் நின்று நண்டைத் தன் கையாலேயே விட்டார். மண்டலக் கோட்பாடு இந்த இடத்தில் பொய்த்தது.

டிரைவர் திரும்பி வந்த தூரத்துக்கு டீசல் காசு கேட்டார். கொடுத்தோம்.